எல்லாம் செய்யுங்க டாக்டர்

கேள்வி: டாக்டர், எங்கள் ஊர் சுங்கை சிப்புட். நான் லோரி ஓட்டுகிறேன், மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மூத்த மகளுக்கு ஆறு வயது. மூளைத்தண்டில் கட்டி, டி.ஐ.பி.ஜி. என்றார்கள். ஆறு வாரம் கதிர் வைத்த பிறகு ஐந்தாறு மாதம் நன்றாக ஓடியாடினாள். இப்போது மறுபடி மாறுகண் வந்துவிட்டது, நடக்க முடியவில்லை, தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. போன வாரம் பெரியாஸ்பத்திரியில், "மூச்சு நின்றால் மெஷின் வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து, யோசித்துச் சொல்லுங்கள், பாரத்தில் எழுதி வைக்க வேண்டும்" என்றார்கள். மனைவி வீட்டுக்கே கூட்டிப் போய்விடலாம் என்கிறாள். என் அம்மா, காசில்லாதவன் பிள்ளை என்பதால்தான் கைகழுவுகிறார்கள், வீட்டை விற்றாவது எல்லாம் செய்யணும் என்று அழுகிறார். நான் கையெழுத்துப் போட்டால் பிள்ளையை நானே கொன்ற மாதிரி ஆகாதா? ஜனவரியில் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டியவள். சீருடை வாங்கி அலமாரியில் தொங்குகிறது. எப்போது ஸ்கூல் என்று தினமும் கேட்கிறாள். தம்பிக்கு நாலு வயது, அவனும் ஏதேதோ கேட்கிறான். என்ன சொல்வது?

தம்பி,

ஆகாது. உங்கள் கடிதத்தில் இருந்த ஐந்தாறு கேள்விகளில் இதற்கு மட்டும் என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியும், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள் மகளை எடுத்துக்கொண்டு போகப்போவது அந்தக் கட்டிதான்.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் சுற்றி வளைத்தால் உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் தூக்கம் போகும்.

கட்டி இருக்கும் இடத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மாவுக்கும் நீங்கள் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். மூளையையும் முதுகுத்தண்டையும் இணைக்கிற, நம் கட்டைவிரல் தடிமன் இருக்கும் ஒரு தண்டு அது. கண்ணை அசைக்கிற நரம்பு, முகத்தை அசைக்கிற நரம்பு, விழுங்குகிற நரம்பு, கை கால்களுக்குப் போகிற நரம்பு எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன, மூச்சை ஓட்டுகிற இடமும் அங்கேயேதான். இந்தக் கட்டி தனி உருண்டையாக இருக்காது. மாவில் கலந்த உப்பு மாதிரி நல்ல நரம்போடு கலந்து வளரும், அதனால் கத்தி வைத்து எடுக்க முடியாது. கதிர் சிகிச்சை அதைச் சில மாதம் அடக்கி வைக்கும், அந்த மாதங்களில்தான் உங்கள் மகள் ஓடியாடினாள், அது வீண் போகவில்லை. ஆனால் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. இரண்டு வருடம் இருப்பவர்கள் பத்தில் ஒருவர்தான்.

காசு இருந்திருந்தால்? உங்கள் அம்மாவின் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்தச் சந்தேகம் வரும். நானும் லயத்தில் வளர்ந்தவள்தான். என் அப்பா பால்மரம் வெட்டியவர், தோட்டத்து டிஸ்பென்சரியில் எந்த வியாதிக்கும் ஒரே கலர் தண்ணீர் மருந்து வாங்கிக் குடித்த தலைமுறை எங்களுடையது. நம்மை ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்த நோய்க்கு அந்தக் கணக்கு சரிவராது. நிலவில் முதலில் கால் வைத்தாரே நீல் ஆம்ஸ்ட்ராங், அவருடைய மகளுக்கும் மூளைத்தண்டில்தான் கட்டி. அங்கேயும் கதிர்தான் கொடுத்தார்கள், கொஞ்ச நாள் தேறினாள். 1962 ஜனவரியில், மூன்று வயது நிரம்பும் முன்னே போய்விட்டாள். ஏழு வருடம் கழித்து அப்பாவை நிலவுக்கு அனுப்ப முடிந்த நாட்டில் மகளைக் காப்பாற்ற வழியில்லாமல் போயிற்று. அதன் பிறகு எத்தனையோ மருந்துகளைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், இன்றுவரை இதைக் குணப்படுத்தும் மருந்து எந்த நாட்டிலும் இல்லை.

ஒன்றையும் மறைக்கவில்லை என்பதற்காக இரண்டு விஷயம் சொல்கிறேன். சில பிள்ளைகளுக்கு இரண்டாவது தடவை, குறைந்த அளவில், கதிர் கொடுப்பதுண்டு. சில வாரமோ சில மாதமோ அறிகுறிகள் தணியலாம். அப்புறம், குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ள கட்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சோதனையில் ஐந்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது, குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. இந்த இரண்டில் ஏதாவது உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். "பொருந்தாது" என்றால் ஏன் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு முன்னால் வீட்டை விற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் யாராவது வெளிநாட்டில் ஒரு வைத்தியர் இருக்கிறார், முன்பணம் இவ்வளவு வெள்ளி என்று அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

இனி அந்த மெஷினுக்கு வருகிறேன். நிமோனியா வந்த பிள்ளைக்கு வெண்டிலேட்டர் வைக்கிறோம் என்றால், நுரையீரல் ஆறும்வரை மெஷின் மூச்சு விடும், ஆறியதும் குழாயைக் கழற்றிவிடுவோம். அது பாலம் மாதிரி, அக்கரை இருக்கிறது. உங்கள் மகளுக்கு நிற்கப்போவது நுரையீரல் இல்லை, மூச்சு விடு என்று கட்டளையிடும் இடம். மெஷின் காற்றைத் தள்ளும், கட்டி தன்பாட்டுக்கு வளரும், கழற்றும் நாள் என்று ஒன்று வராது. வாயில் குழாய், அசையாமல் இருக்க மயக்க மருந்து, கையில் பிடுங்கிவிடாதபடி கட்டு, நேரம் வைத்துத்தான் பெற்றோர் உள்ளே போகலாம். பேச முடியாது, மடியில் படுக்க முடியாது. அந்த டாக்டர்கள் உங்களிடம் மெஷின் வேண்டாம் என்றது இதனால்தான். 2015-ல் பிரிட்டனின் குழந்தை மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியிலும் இப்படித்தான் இருக்கிறது: சிகிச்சையால் ஆயுள் குறிப்பிடும்படி நீளாது என்றாலோ, நீண்டாலும் அந்த நாட்கள் வேதனையாக மட்டுமே இருக்கும் என்றாலோ, அந்தச் சிகிச்சையை ஆரம்பிக்காமல் விடலாம், ஆரம்பித்ததை நிறுத்தவும் செய்யலாம். கருணைக்கொலை வேறு, அது மலேசியச் சட்டப்படி குற்றம், எந்த டாக்டரும் அதை உங்களிடம் கேட்கவில்லை.

உங்கள் அம்மா சொன்ன "எல்லாம் செய்யணும்" என்ற வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது என் சொந்தக் குற்றம், பல வருடமாக நெஞ்சில் கிடக்கிறது.

அப்போது நான் புதிய டாக்டர். ஏழு வயதுப் பையன், ரத்தப் புற்றுநோய் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது, இனி வழியில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அவன் அம்மாவை உட்கார வைத்துப் பேசவில்லை. நடுராத்திரி இரண்டு மணி வாக்கில் ரத்த அழுத்தம் இறங்கியது. நான் வராந்தாவுக்கு ஓடி வந்து அந்த அம்மாவிடம், "இதயம் நின்றால் என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அதை ஒரு கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா என்ன சொல்வார்? "எல்லாம் செய்யுங்க டாக்டர்" என்றார். செய்தோம். திரையை இழுத்துவிட்டு நெஞ்சை அழுத்தினோம், குழாய் போட்டோம், ஊசி மேல் ஊசி போட்டோம், நாற்பது நிமிடம். அவர் திரைக்கு வெளியே நின்றார். முடிந்து திரையை விலக்கியபோது அவர் கையில் பிளாஸ்க் மூடி இருந்தது, அதில் ஆறிப்போன மைலோ. ராத்திரி பத்து மணிக்கு அவன் கேட்டிருக்கிறான். வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தவள் நான்தான்.

எல்லாவற்றையும் செய்தோம், அந்த ஒரு வாய் மைலோவைத் தவிர.

அன்றிலிருந்து நான் எந்தப் பெற்றோரிடமும் "என்ன செய்யச் சொல்றீங்க" என்று கேட்டதில்லை. எங்கள் கருத்து இது, காரணம் இது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பேன். உங்கள் டாக்டரும் அப்படித்தான் பேசியிருக்கிறார் என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது, அந்த வகையில் உங்களுக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார். முடிவு அவருடைய தோளிலும் இருக்கிறது. பல இடங்களில் டாக்டர்தான் கேஸ் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார், பெற்றோரிடம் பேசியாகிவிட்டது என்று குறித்துக்கொள்வார். உங்களிடம் கையெழுத்து கேட்டால், "எனக்கு விளக்கினார்கள், புரிந்தது" என்பதற்குத்தான். நாளைக்கே மனம் மாறினால் மாற்றிச் சொல்லலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மெஷின் வேண்டாம் என்றால் வைத்தியமே வேண்டாம் என்று ஆகிவிடாது. காய்ச்சலுக்கு மருந்து, வலிப்புக்கு மருந்து, தலைவலிக்கு ஸ்டீராய்டு, மூச்சிரைப்புக்கு மார்ஃபின் எல்லாம் தொடரும்.

மார்ஃபின் என்றதும் உங்கள் அம்மா துள்ளி எழுவார், தெரியும். "அதைக் கொடுத்தால் சீக்கிரம் போயிடும்" என்று ஊரில் பேச்சு. சின்ன அளவில் ஆரம்பித்து, தேவைக்கேற்ப ஏற்றிக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை, மூச்சுக்குத் தவிக்கிற பயத்தைக் குறைக்கும். மலம் இறுகும், அதற்குச் சேர்த்து ஒரு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலைச் சின்னவன் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்ற உங்கள் மனைவியின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வெறும் ஆசையாகப் போகக் கூடாது, ஏற்பாட்டோடு போக வேண்டும். பெரியாஸ்பத்திரியில், குணமாக்க முடியாத நோயில் வேதனையைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் "பாலியேட்டிவ்" பிரிவோடு இப்போதே தொடர்பு கேளுங்கள். ஈப்போவில் இதற்கென்றே ஒரு தன்னார்வச் சங்கம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளை, உங்கள் ஊர்வரை வந்து பார்ப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் அழைக்க ஒரு போன் நம்பர், வலிப்பு வந்தால் கன்னத்தின் உட்புறம் விடும் மருந்து, எச்சில் குறைக்கும் மருந்து, இவை கைக்கு வராமல் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள். அப்புறம் ஒரு கடிதம், இதுதான் ரொம்ப முக்கியம். பதற்றத்தில் யாராவது 999-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து நெஞ்சை அழுத்தத்தான் பார்ப்பார்கள், அது அவர்கள் வேலை. என்ன முடிவு எடுத்திருக்கிறோம் என்று டாக்டர் எழுதிய கடிதத்தைச் சாமி மேடைக்குப் பக்கத்திலோ ஐஸ்பெட்டி மேலோ எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். வீட்டில் உயிர் போனால் யாரை முதலில் அழைப்பது, இறப்புச் சான்றிதழ், அடக்கத்துக்கான பெர்மிட் எங்கே எடுப்பது என்பதையும் அதே பேச்சில் கேட்டுவிடுங்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும், அன்றைக்குக் கேட்பது அதைவிடக் கொடுமை. வீட்டில் சமாளிக்க முடியவில்லை என்றால் எந்த நேரமும் திரும்பி வார்டுக்குப் போகலாம், அதில் தோல்வி எதுவும் இல்லை.

கடைசி நாட்களில் சாப்பாடு குறையும். பாட்டிக்கு அதுதான் தாங்காது, கரண்டியோடு பின்னாலேயே வருவார். புரையேறுகிற பிள்ளைக்கு வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். உடம்பு அடங்குகிறபோது பசியும் அடங்கிவிடுகிறது, பட்டினி கிடக்கும் வேதனை அதில் இல்லை. பாட்டிக்கு வேறு வேலை கொடுங்கள்: பஞ்சைத் தேனில் வேண்டாம், வெறும் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைக்கச் சொல்லுங்கள். காலைப் பிடித்துவிடச் சொல்லுங்கள். மூச்சு ஒரு கட்டத்தில் வேகமாகப் போகும், நிற்கும், மறுபடி தொடங்கும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் வதைக்கும். பிள்ளை அப்போது ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பாள்.

உங்கள் அம்மாவை அடுத்த சந்திப்புக்குக் கூட்டிப் போங்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், டாக்டர் மலாயில் சொல்கிறார், நீங்கள் பாதியை விழுங்கிக்கொண்டு மீதியைத் தமிழில் அவரிடம் சொல்கிறீர்கள். பாவம், அந்த மனுஷிக்குக் கிடைப்பது "வேண்டாமாம்" என்ற ஒரு வார்த்தை. வார்டில் தமிழ் பேசும் நர்ஸ் மிஸ்ஸியோ டாக்டரோ நிச்சயம் ஒருவர் இருப்பார். ஸ்கேன் படத்தைக் காட்டி, தமிழிலேயே, பாட்டி கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லச் சொல்லுங்கள். அவர் கல்லுமலை முருகன் கோயிலுக்கோ வேறு எங்கோ நேர்ந்துகொண்டிருந்தால், தைப்பூசம் வரை காத்திருக்க வேண்டாம், பிள்ளை உட்காரக்கூடிய நிலையில் இருக்கும்போதே சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப் போய் வாருங்கள். அதுவும் "எல்லாம்" என்பதில் சேர்த்திதான்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? சுவீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்டு 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாவைப் பற்றிப் பிள்ளையிடம் பேசிய 147 பேரில் ஒருவர்கூடப் பின்னால் வருந்தவில்லை. பேசாதவர்களில் 258 பேர் பதில் சொன்னார்கள், அதில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். அதற்காக இன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கும்போது ஓடாதீர்கள், அவ்வளவுதான். "எப்போது ஸ்கூல்" என்று கேட்டால், "நீ என்ன நினைக்கிறே கண்ணு?" என்று திருப்பிக் கேளுங்கள். நமக்குத் தெரிவதைவிட அதிகமாகவே பிள்ளைகளுக்குத் தெரியும், நாம் அழுவோமே என்று அடக்கி வைத்திருப்பார்கள். "எனக்குச் சரியாகுமா" என்று கேட்டால், "டாக்டர்களால் அந்தக் கட்டியை எடுக்க முடியவில்லை, ஆனால் வலிக்காமல் பார்த்துக்கொள்வோம், அப்பா அம்மா பக்கத்திலேயே இருப்போம்" என்று சொல்லலாம். அழுகை வந்தால் அழுங்கள்.

சின்னவனிடம் "அக்கா தூங்கிட்டா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அவன் தூங்கப் பயப்படுவான். நாலு வயதுப் பிள்ளைக்கு, தான் அக்காவை அடித்ததாலோ பொம்மையைப் பிடுங்கியதாலோ இப்படி ஆகிவிட்டது என்று தோன்றும். உன்னால் இல்லை என்று பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுங்கள்.

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் முன்னால் நடக்கிறார், நீங்கள் நாலு அடி பின்னால் வருகிறீர்கள். ஒரு நாள் லீவு எடுங்கள், லோரி காத்திருக்கும்.

சீருடையை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அலமாரியில் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்து அவளுக்கு உடுத்திவிடுங்கள். ஜனவரிக்குக் காத்திருக்காதீர்கள். முடிந்தால் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லி, ஒரு கொப்பியில் அவள் பெயரை எழுத வைத்து, முதல் நாள் மாதிரி செய்யச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவள் இஷ்டம். ஒரு விஷயம் மட்டும்: ஸ்டீராய்டு மருந்தால் முகமும் வயிறும் ஊதியிருக்கும், அளவெடுத்து வாங்கிய நீல பினஃபோர் இப்போது இடுப்பில் ஏறாது. இழுத்துப் போட்டால் அழுவாள். முந்தின ராத்திரியே முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கத்தரித்துவிட்டு ஓரத்தை மடித்துத் தைத்து வையுங்கள், வெள்ளைச் சட்டையையும் அப்படியே. படுத்தபடியே கையை நுழைத்து முன்னாலிருந்து மாட்டிவிடலாம், பின்னால் வெட்டியிருப்பது தலையணையில் சாய்ந்திருக்கும்போது தெரியாது.